செஞ்சிக் கோட்டையில் ஒரு நாள்

கோட்டை என்ற சொல்லைக் கேட்டவுடன் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் வாழும் நம் மக்களின் மனக்கண்முன் வந்து நிற்பது, கடலையொட்டிச் சமநிலத்தில் அமைந்துள்ள புனித ஜார்ஜ் கோட்டையேயாகும். மனுக் கொடுக்கச் செல்லும் இடம் என்ற அளவில்தான் நம்மில் பலர் அதனை அறிவர். மலைமேல் எழுந்த கோட்டையை நேரில் கண்டவர் மிகச் சிலரே. நம் வட்டாரத்தில் குன்று என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. துறைமுகத்தில் அடுக்கிவைத்த கொள்கலன்களும் எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பல் மேடுகளுமே நம் மலைகள்! பங்கில் சுற்றுலா என்ற பேச்சு எழுந்தாலும் வேளாங்கண்ணிக்கு மேல் வேறோர் ஊர் எவர் நாவிலும் வருவதில்லை. இவ்வாண்டு இளைஞர்கள் துணிந்து, "செஞ்சிக்குப் போகலாம், ஃபாதர்" என்றனர். நாமும் இசைந்தோம்.

அவர்கள் செஞ்சியைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11ஆம் நாள், மராத்தியரின் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. அத்தலைப்பு நமக்கு முழு மனநிறைவு அளிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுவோம். மராத்தியர் அங்கே இருந்தது 1677 முதல் 1698 வரை 21 ஆண்டுகளே. அவர்களுக்கு முன்னும் பின்னும் அம்மலையில் வியர்வை சிந்தியவர் எத்தனை தலைமுறையினர்! ஆயினும், செஞ்சியின் பெயர் தில்லிவரை ஒலித்தது அந்த 21 ஆண்டுகளில்தான் என்பதையும் மறுப்பதற்கில்லை.

விடியற்காலைத் திருப்பலி முடிந்ததும் இரு பேருந்துகளில் புறப்பட்டோம். தாம்பரம், செங்கற்பட்டு, மேல்மருவத்தூர் கடந்து திண்டிவனத்தில் மேற்கே திரும்பினால், திருவண்ணாமலைச் சாலையில் செஞ்சி வந்துவிடுகிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர். துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மூச்சிரைப்பு உடையவராயிருந்தும், வீட்டார் தடுத்தும் கேளாமல் முதல் இருக்கையில் அமர்ந்துகொண்டார். "மலை ஏறாட்டியும் அடியில நின்னு அண்ணாந்து பாக்கலாமில்ல, சாமி?" என்று அவர் கேட்டபோது நம்மால் மறுமொழி கூற இயலவில்லை.

செஞ்சியை நெருங்க நெருங்க நிலத்தின் தோற்றம் மாறுகிறது. யாரோ வண்டி வண்டியாகப் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுச் சென்றாற்போன்ற குன்றுகள். ஒரு பாறையின் முதுகில் இன்னொரு பாறை. அவற்றினிடையே மூன்று மலைகள் முக்கோணமாய் நிற்கின்றன. மேற்கில் நிற்பது இராஜகிரி. ஏறத்தாழ 800 அடி உயரம். வடக்கே கிருஷ்ணகிரி. தென்கிழக்கே சந்திரகிரி. இம்மூன்றையும் ஒன்றாய்ப் பிணைத்து 13 கிலோமீட்டர் அளவுக்கு மதில் ஓடுகிறது. அதன் கனம் சுமார் 60 அடி. அதன் புறத்தே 80 அடி அகல அகழி. இன்று சாலையே அம்மதிலை ஊடறுத்துச் செல்வதால், பேருந்தில் அமர்ந்தபடியே கோட்டைக்குள் நுழைந்துவிடுகிறோம். எத்தனையோ சேனைகள் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்து பெறாத வாய்ப்பு இது!

நம்மை அழைத்துச் சென்று காட்ட, அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டி ஒருவர் இசைந்திருந்தார். அறுபதைக் கடந்தவர், குரல் மட்டும் இளமையானது. ஆனந்தக் கோன் என்ற ஆயர் குலத் தலைவர் 1190 அளவில் முதற் காப்பை எழுப்பினார் என்ற மரபிலிருந்து தொடங்கி, விசயநகரத்தார், நாயக்கர், பீசப்பூர் சுல்தான், சிவாஜி, மொகலாயர், ஆர்க்காட்டு நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஐதர் அலி என ஒரே மூச்சில் அடுக்கினார். நம் இளைஞர்கள் பாதி வழியிலேயே எண்ணிக்கையைத் தவறவிட்டனர். நாமும் அவ்வரிசையை இங்கே முழுமையாக எழுதப்போவதில்லை. அதனை விரும்புவோர், பேராசிரியர் சி. எசு. சீனிவாசாச்சாரியார் ஆங்கிலத்தில் எழுதி 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செஞ்சி வரலாற்றைத் தேடிப் படிக்கலாம்.

மலையடிவாரத்தில் நாம் முதலில் கண்டது கல்யாண மகால். நாற்புறமும் அறைகள் சூழ்ந்த முற்றம். நடுவே கூர்நுனிக் கூரையுடன் அடுக்கடுக்காய் உயர்ந்த சதுரக் கோபுரம். ஒவ்வொரு மாடியிலும் ஒரே ஒரு சிற்றறை, அதனைச் சுற்றித் தாழ்வாரம். அரச மகளிர் தங்கிய இடம் என்றார் வழிகாட்டி. எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தனர். அடுத்து அவர், வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண்குழாய்கள் வழியே இம்மாளிகையின் ஆறாம் மாடிவரை நீர் ஏறியது என்று சொன்னவுடன், அதுவரை நிழலில் ஒதுங்கியிருந்த நம் தாய்மார் அனைவரும் முன்னே வந்துவிட்டனர்.

"மோட்டார் இல்லாமலா?" என்றார் ஓர் அம்மையார்.

"மோட்டார் ஏதும்மா அந்தக் காலத்துல! மேட்டுல குளம், பள்ளத்துல குழாய். தண்ணி எந்த மட்டத்துல இருந்து வருதோ அந்த மட்டத்துக்கு ஏறிடும்," என்றார் அவர்.

திருவொற்றியூரில் நான்காம் மாடிக் குடியிருப்பில் வாழ்ந்து, நாள்தோறும் குடங்களைப் படிவழியே சுமந்தேறும் தாய் ஒருவர் அக்குழாயின் உடைந்த வாயைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தந்த ஏரிகள் வறண்டு, லாரிக்குப் பின்னால் நாம் ஓடிய நாள்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அரசர்களின் பெயர்களைவிட அக்குழாயே அன்று நம் மக்களின் உள்ளத்தில் பதிந்தது. சக்கரக்குளம், செட்டிகுளம் என இரு பெருங்குளங்கள். மலைமேலே வற்றாத ஊற்றுகள். மழைநீரைப் பிடித்துவைக்கப் பாறைச் சுனைகள். மதிலைக் கட்டியவர்கள், நீர் இல்லாத மதில் கல்லறையாகிவிடும் என்பதை அறிந்தே கட்டியிருக்கின்றனர்.

இவ்விடத்தில் நம் திருச்சபையோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் குறிப்பிடவேண்டும். 1597ஆம் ஆண்டு அளவில், நாயக்க மன்னர் கிருஷ்ணப்பர் அரசாண்ட காலத்தில், இயேசு சபையின் மேல்விசாரணைக் குருவான நிக்கோலஸ் பிமெந்தா அடிகளார் செஞ்சிக்கு வந்தார். இந்தியாவில் தாம் கண்டவற்றுள் இதுவே பெரிய நகரமென்றும், தம் நாடான போர்த்துக்கல்லிலும் லிஸ்பனைத் தவிர இதற்கு ஈடான நகரம் இல்லையென்றும் அவர் எழுதிவைத்தார். இன்று கோட்டைக்குள் நகரம் இல்லை. அவ்வளவு மக்கள் நடமாடிய தெருக்கள் கடலைக்கொல்லையும் முள்வேலியுமாய்க் கிடக்கின்றன. ஆடுகள் மேய்கின்றன, ஆனந்தக் கோன் கண்டால் மகிழ்ந்திருப்பார்.

கல்யாண மகாலுக்கு அப்பால் களஞ்சியம் இருக்கிறது. வளைவுக் கூரையும் மிகக் கனத்த சுவர்களும் கொண்ட பெருங்கட்டடம். உள்ளே நுழைந்தால் வெளிவெயில் மறந்துபோகிறது. கைதட்டினால் ஒலி சுற்றிச்சுற்றி வருகிறது. சிறுவர்கள் கைதட்டினர். நம் துறைமுகப் பெரியவர் மட்டும் சுவரோரமாக நடந்து நீளத்தையும் அகலத்தையும் காலடியால் அளந்தார். பிறகு மேலே ஏறிச் செல்லும் படிகளைப் பார்த்தார்.

"நெல்லை மேலே இருந்துதான் கொட்டுவாங்களாய்யா?" என்று வழிகாட்டியைக் கேட்டார்.

"ஆமாங்க. மேலே கொண்டுபோய்க் கொட்டுறது, கீழே எடுத்துக்கிறது."

"ஒரு ஆளு ஒரு நாளைக்கு எத்தனை நடை நடந்திருப்பான்?"

வழிகாட்டி சற்றுத் திகைத்தார். "முப்பது வருசமா காட்டுறேன். ராஜா எத்தனைன்னு கேப்பாங்க, ராணி எத்தனைன்னு கேப்பாங்க. இதை யாரும் கேட்டதில்லீங்க," என்றார்.

கொள்கலன்கள் வருவதற்கு முன், கப்பல் வயிற்றிலிருந்து மூட்டைகளை முதுகில் ஏற்றிக் கிடங்குக்குச் சுமந்த காலத்தை அறிந்தவர் நம் பெரியவர். அவர் அப்படிகளின் உயரத்தைக் கண்ணால் அளந்து, "முழு மூட்டையோட இதுல ஏற முடியாது, சாமி. அரை மூட்டைதான்," என்று தீர்ப்பளித்தார். வரலாற்று நூல்கள் எதிலும் நாம் படித்திராத செய்தி அது! அவர் சொன்னது மெய்யாகவே இருக்கவேண்டும்.

இராஜகிரி ஏறுவதற்கு முற்பகலே உகந்தது. பிற்பகல் முதிர்ந்தபின் மேலே விடுவதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சில செதுக்கியவை, சில பாறையை வெறுமனே தட்டிவிட்டவை. கையில் எதை வைத்திருந்தாலும் பறித்துக்கொள்ளும் குரங்குகள் படிதோறும் சுங்கச்சாவடி நடத்துகின்றன. நம் சிறுவர் ஒருவனின் பிஸ்கோத்துப் பொட்டலம் அவ்வாறே வரியாகச் சென்றது. பெரியவர் கமலக்கண்ணி அம்மன் கோவிலருகே நிழலில் அமர்ந்துகொண்டார். அதற்குமேல் அவர் மார்பு இடம் கொடுக்கவில்லை. "நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்றார்.

உச்சியை அடையுமுன் ஓரிடத்தில் மலையே பிளந்து நிற்கிறது. 24 அடி அகலம், 60 அடி ஆழம். இயற்கைப் பிளவை மனிதரும் வெட்டி ஆழப்படுத்தினர் என்கின்றனர். அதன்மேல் ஒரு பாலம். முற்காலத்தில் வேண்டும்போது அகற்றத்தக்க மரப்பாலம். அதனை எடுத்துவிட்டால், அப்பால் நிற்கும் ஒரு சிலரே ஒரு சேனையைத் தடுத்துவிடலாம். பாலத்தின் நடுவில் நின்று கீழே நோக்கிய நம் இளைஞர்கள் முதன்முறையாகப் பேச்சடங்கினர்.

உச்சியில் ஓர் அரங்கநாதர் கோவில், மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு பீரங்கி. சுற்றிலும் வெளிறிய நீலத்தில் நாடு பரந்து கிடக்கிறது. அங்கே அமர்ந்து வழிகாட்டி முற்றுகையின் கதையைச் சொன்னார். சிவாஜி 1677இல் இதைக் கைப்பற்றியபின் மதில்களையும் அகழிகளையும் எவ்வளவு திறமாகப் புதுப்பித்தார் என்பதை, அக்காலத்து இயேசு சபைக் குரு ஒருவர், ஐரோப்பியரும் வெட்கப்படத் தேவையில்லாத வேலைப்பாடு என்று வியந்து எழுதியுள்ளார். சிவாஜியின் மகன் இராஜாராம் ஔரங்கசீப்பின் படைக்கு அஞ்சி 1689இல் இங்கே வந்து சேர்ந்தார். 1690இல் வந்து வளைத்த மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் 1698வரை வளைத்துக்கொண்டே இருந்தார். எட்டு ஆண்டு! அவருக்குக் கோட்டையைப் பிடிப்பதில் அவ்வளவு அவசரமில்லை, எதிரியோடு உள்ளூர உடன்பாடு இருந்தது என்று வரலாற்றாசிரியர் ஐயுறுகின்றனர். இறுதியில் கோட்டை விழுந்தபோது இராஜாராம் அதற்குள் இல்லை, தப்பிச் சென்றிருந்தார்.

அந்த முற்றுகைக் காலத்திலேயே, நம் சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலக் கும்பினியார் இம்மலைக்கு ஆள் அனுப்பிப் பேரம் பேசினர். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை 1690இல் இராஜாராமிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எட்டுகிற தொலைவுக்குள் உள்ள ஊர்களெல்லாம் விற்பனையில் சேரும் என்பது உடன்படிக்கை. அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கிற்று. அக்கிராமத்தாரை ஒருவரும் கேட்கவில்லை. நிலம் எடுப்பு என்றால் என்னவென்று அறிந்த எண்ணூர் இளைஞர்கள் இதைக் கேட்டுச் சிரித்தனர். சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை.

இனி ஒரு விந்தை. இவ்வளவு அரண்களும் இருந்தும், 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி செஞ்சியை ஒரே இரவில் பிடித்துவிட்டார். பொழுது விடிந்ததும், இவ்வளவு வலிய இடத்தை எப்படிப் பிடித்தோம் என்று வென்றவர்களே வியந்தனராம். ஆனால் அவர்களை வெல்ல ஒருவன் உள்ளேயே காத்திருந்தான். அது காய்ச்சல். அடுத்த பத்தாண்டில் மட்டும் பிரெஞ்சுக்காரர் இங்கே 1,200 ஐரோப்பிய வீரர்களை நோய்க்குப் பறிகொடுத்தனர் என்று ஓர்ம் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். அதுவும் ஒரு சமயத்தில் நூறு பேருக்குமேல் வைத்திராத இடத்தில்! 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது; ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. 1780இல் ஐதர் அலியிடம் சென்றது. அதன்பின் எவருக்கும் இக்கோட்டை பெரிதாய்த் தேவைப்படவில்லை.

வள்ளுவர் அரணுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். உயரமும் அகலமும் உறுதியும் வேண்டும் என்றவர், உள்ளே உணவு நிறைந்திருக்கவேண்டும், உள்ளிருப்போர் நிலைத்திருக்க எளிதாயிருக்கவேண்டும் என்றும் சேர்த்தார். செயல்திறன் இல்லாதாரிடத்தில் எந்த அரணும் பயனற்றது என்று முடித்தார். குருமடத்தில் அவ்வதிகாரத்தைப் பாடமாகப் படித்தபோது நமக்கு அது சுவைக்கவில்லை. இராஜகிரி உச்சியில், காய்ந்த தொண்டையோடு அமர்ந்திருந்தபோது சுவைத்தது.

இறங்கும் வழியில், இரு குளங்களுக்கும் இடையே, கைதிக் கிணறு என்று ஒன்றைக் காட்டினர். பெரும்பாறை ஒன்றின் பள்ளத்தின்மேல் செங்கற்சுவர் எழுப்பி, வாய் மட்டும் திறந்துவிட்டிருக்கின்றனர். தண்டனை பெற்றவரை அதற்குள் தள்ளி, பசியால் மடிய விட்டனர் என்பது வழிவழிச் செய்தி. அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்ள முனைந்த இளைஞர்களை நாம் தடுத்தோம். ஒரு சிறு செபம் சொல்லிவிட்டு நடந்தோம்.

செட்டிகுளக் கரையில் தேசிங்குராசனின் கதை. இதற்காகத்தான் பெரும்பாலோர் செஞ்சிக்கு வருகின்றனர். பட்டத்துக்கு வந்து ஓராண்டு நிறையாத, 22 வயதே ஆன இராசபுத்திர இளைஞன் தேஜ்சிங். கப்பப் பாக்கியைக் கேட்டு ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் பெரும்படையோடு வந்தபோது, சில நூறு குதிரை வீரருடன் எதிர்த்து 1714இல் மாண்டான். நூல்கள் சொல்வது இவ்வளவே. கூத்தும் கதைப்பாடலும் சொல்வதோ வேறு. நீலவேணி என்னும் குதிரை. திருமணப் பந்தலில் அமர்ந்திருந்த வேளையில் அழைப்பு வர, மாலையைக் கழற்றிவிட்டு ஓடிவந்து நண்பனோடு உயிர்விட்ட முகமதிய நண்பன் மகபத்கான். அவன் கல்லறையையும் குதிரையின் கல்லறையையும் நீலாம்பூண்டியில் காட்டுகின்றனர். வழிகாட்டி இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது; முப்பது ஆண்டு சொல்லியும் தழுதழுக்கிறது என்றால் அது நடிப்பாக இருக்க முடியாது. இந்து அரசனுக்காக ஓர் இசுலாமியன் உயிர் கொடுத்த கதையைச் செஞ்சி மக்கள் மூன்று நூற்றாண்டாகக் கண்ணீரோடு பாடிவருகின்றனர். இன்றைய நாளில் இதனை நம் பிள்ளைகள் கேட்டது நன்று.

பின்னர் அவர், தேசிங்கின் மனைவி கணவனோடு உடன்கட்டை ஏறியதைப் பெருமையோடு கூறி, அவள் நினைவாகவே இராணிப்பேட்டை என்னும் ஊர் எழுந்தது என்றார்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு, அண்ணே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. குழாயைத் தடவிப் பார்த்த அதே தாய்.

"பதினாறு, பதினேழு இருக்கும்மா."

அந்தத் தாயின் மகளுக்கும் அதே வயது, அருகிலேயே நின்றிருந்தாள். ஒருவரும் பேசவில்லை. இராணியின் பெயரால் ஊர் கண்டவர்கள், அவளை நெருப்பிலிருந்து இழுத்திருந்தால் அவள் அவ்வூரில் வாழ்ந்திருப்பாள். நாம் இதனை உரக்கச் சொல்லவில்லை. வழிகாட்டியே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சின்னப் பிள்ளைதான்," என்றார்.

வெளிக்கோட்டையில் வேங்கடரமணர் கோவிலையும், சாதத்துல்லாகான் எழுப்பிய பள்ளிவாசலையும் விரைந்து கண்டோம். கோவிலின் சிற்பத் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுசென்றனர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்பவை செஞ்சித் தூண்கள்தாம். அடுத்த முறை அங்கே செல்வோர் கவனிக்கவேண்டும்.

கீழே காத்திருந்த பெரியவரிடம், மேலே கண்டவற்றையெல்லாம் சிறுவர்கள் ஒருவர்மேல் ஒருவராய் விழுந்து சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டபின், "மேலேயும் களஞ்சியம் இருக்குன்னியே, அதுக்கு யாரு தூக்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டார். 800 அடி!

திரும்பும் வழியில் இளைஞர் ஒருவர், நம் பக்கத்தில் இப்படி ஒரு மதில் இல்லையே என்று வருந்தினார். இருக்கிறது. 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டுச் சென்றபின், 1760களில் ஐதர் அலியின் குதிரைப்படையும் வந்து அச்சுறுத்தியபின், கறுப்பர் நகரம் என்று அன்று வழங்கிய ஊரைச் சுற்றிக் கும்பினியார் ஒரு மதில் எழுப்பினர். பால் பென்ஃபீல்டு என்பவர் ஒப்பந்தம் எடுத்துக் கட்டியது. அதற்கென வரி தண்ட எண்ணியதன் நினைவுதான் இன்றும் வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர். அம்மதிலின் ஒரு துண்டு பழைய சிறைச்சாலைச் சாலையில் எஞ்சி நிற்கிறது. அதன்மேல் அமைந்த மாடிப் பூங்காவை நம்மில் பலர் அறியாமலே கடந்து செல்கிறோம். பேருந்தில் இதைச் சொன்னவுடன், "அதுக்குப் படி எத்தனை?" என்று பெரியவர் வினவினார். மிகச் சிலவே என்றோம். வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப்பின் அவரையும் அழைத்துக்கொண்டு அங்கே செல்வதாக இருக்கிறோம்.